இன்னும் முடியாத கத்தி

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மடம் இருந்தது. நான்கு அறை, ஒரு மாட்டுக் கொட்டில், பின்பக்கம் ஓடை. அங்கே அமிர்தவல்லி அம்மா என்று ஒருவர் இருந்தார். அவரிடம் சீடராகச் சேர வந்தபோது நல்லசிவத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. அம்மாவுக்கு முப்பத்தேழு.

குரு சீடரை 'ஐயா' என்று கூப்பிட்டார். சீடர் குருவை 'அம்மா' என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

நல்லசிவம் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடி, சீட்டு, வெற்றிலை எதுவும் கிடையாது. எந்தப் பொருளையும் இருக்கிறபடி விடமாட்டார் என்ற ஒரு பழக்கம் மட்டும் உண்டு. வீட்டுக் குக்கரின் விசிலை அவர் சீர்திருத்திய அன்று அது பறந்து போய் அடுக்களைக் கூரையில் குத்தி நின்றது. கிரைண்டரைத் திருத்தினார். அது மாவை ஆட்டுவதற்குப் பதிலாகச் சுவரில் அடித்தது. மனைவி கோமதி சுவரைத் துடைத்துவிட்டு, "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்பாள். அதற்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில். "இன்னும் நல்லா இருக்கலாம்."

மகள் சுகன்யாவும் மருமகன் குணாளனும் பண்ருட்டியில் வீடு கட்டினார்கள். குணாளனுக்கு முந்திரி வியாபாரம். பத்து வருஷ உழைப்பு அந்த வீடு. புதுமனை புகுவதற்கு முதல் நாள், மருமகன் வெளியே போயிருந்த நேரத்தில், நல்லசிவம் டேப்பை வைத்து மாடிப்படியை அளந்து பார்த்தார். மூன்றாவது படி மற்ற படிகளைவிட அரை அங்குலம் உயரம். இரண்டு கொத்தனார்களைக் கூட்டிவந்து படிக்கட்டை இடிக்கச் சொன்னார். விடிவதற்குள் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். மழை வந்துவிட்டது.

மறுநாள் விருந்தாளிகள் மூங்கில் ஏணியில் ஏறி மாடியைப் பார்த்தார்கள். குணாளனின் பெரியம்மா ஏற மறுத்து, கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குணாளன் மாமனாரை ஒரு பார்வை பார்த்தான். திட்டவில்லை. சுகன்யாவும் திட்டவில்லை. பந்தி முடிந்ததும் அப்பாவின் செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாறின பிறகு வாங்கப்பா."

அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்கப் போன கோமதி அங்கேயே தங்கிவிட்டாள். பேத்தியை நல்லசிவம் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. மகள் சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. மாறுவது என்று இறங்கினால் அதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார். அப்படித்தான் மடத்துக்கு வந்தார்.

வந்த அன்றே மடத்துச் சமையலறையில் அரிவாள்மனை லேசாக ஆடுவது அவர் கண்ணில் பட்டது. ஆப்பு வைத்து ஒரு தட்டு தட்டினார். இரண்டாவது தட்டில் அலகு அடியோடு முறிந்தது. சமையல் பார்க்கும் பச்சையப்பன், அரிய எடுத்த முழுப் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு முறிந்த அலகைப் பார்த்தபடி நின்றான்.

சாயங்காலம் நல்லசிவம் அம்மாவை வணங்கிக் கேட்டார்.

"அம்மா, நான் மாறணும். அதுக்கு என்ன செய்யணும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு கத்தி வேணும், ஐயா. வாங்கிட்டு வாங்க."

"எப்படிப்பட்ட கத்தி?"

"மடக்காத கத்தி. விலை சகாயமா இருக்கணும்."

நல்லசிவத்துக்கு உடம்பு சிலிர்த்தது. குருமார்கள் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பச்சையப்பனிடம் போய் மெதுவாகக் கேட்டார்.

"மடக்காத கத்தின்னு ஏன் சொன்னாங்க? மனசு வளையக் கூடாதுன்னு அர்த்தமா இருக்குமோ?"

"பூசணிக்காய் பெருசு சார். மடக்குக் கத்தி தாங்காது."

"விலை சகாயம்னு சொன்னாங்களே?"

"மடத்துல காசு இல்ல சார்."

இவன் இன்னும் பக்குவப்படவில்லை என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டார்.

போளூரில் பாத்திரக் கடைகளில் பளபளவென்று கத்திகள் தொங்கின. அவர் எதையும் தொடவில்லை. பளபளக்கிற எஃகு துருப்பிடிக்காது, ஆனால் தீட்டினால் எளிதில் மசியாது. கார்பன் எஃகு அப்படியில்லை. கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். கவனித்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். தனக்கு ஏற்றது அதுதான் என்று தீர்மானித்துச் சந்தைக்குப் போனார்.

சந்தையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்திகள் சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. நல்லசிவம் ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்து முனையில் உரசிப் பார்த்தார். அரம் வழுக்கினால் எஃகு கடினம், கடித்தால் மிருது. ஒரு கண்ணை மூடி அலகு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிடிக்குள் இரும்பு கடைசி வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். எதையும் வாங்கவில்லை. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார்.

கடைக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"கத்தி வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

கடைசியில் ஒரு சாண் நீளத்தில் ஒன்று அவருக்குப் பிடித்தது. கறுப்புப் பூச்சு, தடித்த முதுகு, மரப்பிடி. கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு அதைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

பச்சையப்பன் ஓடிவந்து கையை நீட்டினான்.

"குடுங்க சார். பூசணி அழுகப் போகுது."

"இரு. இது இன்னும் கத்தியே ஆகலை."

மறுநாள் வேலை தொடங்கியது. முதலில் கறுப்புப் பூச்சைக் களைய வேண்டும். கத்தியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். பூச்சு போய் வெள்ளை இரும்பு வெளியே வந்தது. வெள்ளை இரும்பு ஒரே நாளில் துருப்பிடிக்கும். அதைத் தடுக்க, கெட்டியான புளியை அரைத்து அலகு முழுவதும் பூசினார்.

"புளி பட்டா துருத்தானே சார் பிடிக்கும்?" என்றான் பச்சையப்பன்.

"அதுதான் வேணும். நல்ல துருவை நாமே வரவழைச்சுட்டா கெட்ட துரு வராது. சாம்பல் நிறத்துல ஒரு தோல் மாதிரி படியும். பார்த்துக்கிட்டே இரு."

"ரசத்துக்குப் புளி?"

"இது முடியட்டும்."

அன்று ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. அம்மா குடித்தார்.

சாம்பல் நிறம் படிந்தது. ஆனால் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி பூசினார். பிறகு முதுகை அரத்தால் ராவி, விளிம்பு கூராக நிற்கும்படி சதுரமாக்கினார். அந்த விளிம்பில் வெங்கச்சங்கல்லை உரசினால் நெருப்புப் பொறி பறக்கும்.

"தீப்பெட்டி இருக்கே சார்."

"தீப்பெட்டி நனைஞ்சா?"

"நனையாம அடுப்பு மேடையில இருக்கு சார்."

பிடி பருமனாக இருந்தது. செதுக்கினார். மெலிந்துவிட்டது. கயிறு சுற்றினார். கயிறு வழுக்கியது. பழைய பிடியைப் பிளந்து எடுத்துவிட்டு வேங்கை மரத்தில் புதிதாக ஒன்று கடைந்தார். அதை அலகோடு சேர்க்கப் பித்தளை ஆணி தேவைப்பட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் தியானத்தில் உட்கார்ந்தார்கள். முடிகிற நேரத்தில் பச்சையப்பன் மணியடிப்பது வழக்கம். அன்று மணி அடிக்கவில்லை. வெளிச்சம் போனது. கொசு வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் தாம் சமாதி நிலையை அடைந்துவிட்டதாகவே நம்பினார். ரொம்ப நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்தார்.

"பச்சையப்பா, மணி அடிக்கலையா?"

"அடிச்சேன்மா. சத்தம் வரல."

"ஏன்?"

"மணியோட நாக்கு சார் கத்தியில இருக்கு."

நல்லசிவம் தரையைப் பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"கத்தி பேசுதா, ஐயா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி," என்றார் அம்மா.

அதற்குப் பிறகு கூர் ஏற்றும் வேலை. சொரசொரப்பான கல், நடுத்தரக் கல், வழுவழுப்பான கல். கடைசியில் தோலில் தீட்ட வேண்டும். மடத்தில் தோல் என்று இருந்தது அவருடைய இடுப்பு பெல்ட் ஒன்றுதான். தூணில் அதைக் கட்டி, ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தீட்டினார். கூர் வந்துவிட்டதா என்று முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார். இடது கை மொழுமொழுவென்று ஆனது. பிறகு வலது கை. பிறகு பச்சையப்பன் கை. பால் கறக்க வருகிறவர் கறந்த பாலை வாசலோடு வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

இத்தனை நாளும் மடத்தில் அரிய வேண்டிய காய் எதுவும் சமைக்கவில்லை. கிள்ளிய கீரை, முழுக் கத்தரிக்காய், ஒடித்த முருங்கை, உரித்த சின்ன வெங்காயம். பூசணிக்காயைப் பச்சையப்பன் ஒரு நாள் துவைக்கிற கல்லில் போட்டு உடைத்தான். பாதி ஓடையோடு போனது.

"சார், ஒரே ஒரு வெண்டைக்காய். அரிஞ்சுட்டுக் குடுத்துடறேன்."

"வெண்டைக்காய் வழவழப்பு அலகுக்கு ஆகாது. இன்னும் கொஞ்ச நாள் பொறு."

அப்படி இருக்கும்போதுதான் மடத்துக்குப் போன் வந்தது. சுகன்யா பேசினாள். வாசலில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் துளசி மாடத்துப் பக்கம். நல்லசிவம் அங்கே நின்று காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டார்.

"அப்பா, பாப்பாவுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் மடியில உட்கார வெக்கணும். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரு இருக்காங்க? உங்க மடியிலதான் வெக்கணும். வாங்க."

"மாப்ளே என்ன சொன்னார்?"

"அவருதான் கூப்பிடச் சொன்னாரு."

நல்லசிவம் மாடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போகலாம். ஆனால் போய் இறங்கியதும் அந்தப் படிக்கட்டு கண்ணில் படும். கை சும்மா இருக்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. மறுபடி ஒரு முறை மகள் செருப்பை நேராக வைத்தால் அதைத் தாங்க அவரால் முடியாது.

"நான் இன்னும் சரியாகலம்மா. சரியாகிட்டு வர்றேன்."

"எப்போ சரியாவீங்க?"

"ஒரு ரெண்டு மாசம்."

எதிர்ப்பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிப்பா," என்று வைத்துவிட்டாள்.

அவர் திரும்பியபோது அம்மா பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கத்தி எப்போ முடியும், ஐயா?"

நல்லசிவம் கணக்குப் போட்டார். உறை தைக்க வேண்டும். பிடிக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். முனை இன்னும் மெலிய வேண்டும்.

"ஒரு ரெண்டு மாசம் ஆகும்மா."

அம்மா தலையாட்டினார். போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு துளசி மாடத்தின் மறுபக்கம் போனார். யாரிடம் பேசினார் என்று நல்லசிவம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மடத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முன்கதவைத் திறந்து சுகன்யா குழந்தையோடு இறங்கினாள். இந்தப் பக்கம் குணாளன். அவன் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். கோமதி வரவில்லை. காது குத்துக்கு ஆள் அழைக்கிற வேலை அவளுக்கு இருந்தது.

"மடத்து அம்மா போன் பண்ணி வரச் சொன்னாங்க," என்றாள் சுகன்யா.

நல்லசிவம் எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், "டயர்ல காத்து கம்மியா இருக்கு மாப்ளே," என்றார். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பலாப்பழத்தைக் கூடத்தில் சாக்கின் மேல் வைத்தார்கள். வாசனை கொட்டில் வரைக்கும் போனது. மாடு கத்தியது.

"கத்தி இருக்குங்களா?" என்று கேட்டான் குணாளன்.

பச்சையப்பன் நல்லசிவத்தைப் பார்த்தான். அம்மா நல்லசிவத்தைப் பார்த்தார். நல்லசிவம் உள்ளே போய்த் துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்துவந்தார். அலகு மழைக்கால மேகம் மாதிரி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. வேங்கைப் பிடி மின்னியது. இரண்டு கையாலும் நீட்டினார்.

குணாளன் அதை வாங்கி, ஒரு கணமும் பார்க்காமல், பழத்தின் நடுவில் குறுக்கே குத்தினான்.

நல்லசிவத்தின் கை தானாக முன்னே நீண்டது. எண்ணெய் தடவவில்லை. பலாப்பால் ஒட்டினால் அந்த நிறம் போய்விடும். குறுக்கே வெட்டக் கூடாது, நெடுக்கில் வெட்டித் தண்டை ஒதுக்க வேண்டும். அவர் வாய் திறந்தது.

"மாப்ளே, எண்ணெ..."

"ஐயா," என்றார் அம்மா. "பாப்பாவைப் பிடிங்க."

அவரை உட்காரவைத்து, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. திறந்திருந்த வாயைப் பார்த்தது. தன் நான்கு விரல்களையும் அதற்குள் நுழைத்து, கீழ்ப்பல்லைப் பிடித்துக்கொண்டது.

அவர் பேசவில்லை. பேச முடியவில்லை.

கத்தி தண்டில் போய் மாட்டியது. குணாளன் இழுத்தான். வரவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருகினான். பிடியெல்லாம் பிசின். நல்லசிவத்தின் கண்ணில் நீர் முட்டியது. அது கத்திக்காகவா, மடியில் இருந்த கனத்துக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. பேத்தியின் விரல் லேசாக இனிப்பாக இருந்தது. வழியில் எதையோ தின்றிருக்கிறது.

டிக் என்று ஒரு சத்தம்.

குணாளன் கத்தியை வெளியே எடுத்தான். முனையில் ஒரு விரல் நகத்தளவு இல்லை.

குணாளன் மெதுவாக மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். புதுமனை புகுந்த அன்று அவன் பார்த்த அதே மாமனார்தான். ஆனால் அன்றைக்குத் தப்பு அந்தப் பக்கம் இருந்தது. இன்றைக்குத் தன் கையில் இருக்கிறது. அவன் முகம் வெளுத்திருந்தது.

முனையை அவ்வளவு மெலிசாகத் தேய்த்தது யார் என்று நல்லசிவத்துக்குத் தெரியும். சந்தையில் வாங்கிய அன்று இருந்த தடிமனுக்கு அது பத்துப் பலாவைத் தாங்கியிருக்கும். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"பரவாயில்ல மாப்ளே. இன்னும் அறுக்கும். அறுங்க."

குணாளன் அறுத்தான். அறுத்தது. சுளைகளை எடுத்து வாழை இலையில் போட்டார்கள். எல்லோர் கையிலும் பிசின். குணாளன் கையை விரித்துப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டான்.

"எண்ணெய் தடவியிருக்கணுமோ, மாமா?"

நல்லசிவத்தின் நெஞ்சில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு விஷயம் இருந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடவியிருக்கலாம்," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நெற்றியில் வியர்த்தது.

சுகன்யா சிரித்துவிட்டாள். வாயில் சுளையோடு சிரித்ததில் புரை ஏறியது. குணாளன் அவள் தலையில் தட்டினான். பிசின் கையால் தட்டியதால் முடி ஒட்டிக்கொண்டது. அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் பச்சையப்பன் யாரையும் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். சமையலறையிலிருந்து டக் டக் டக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலங்காய், எது கையில் கிடைத்ததோ எல்லாவற்றையும் அவன் அரிந்து தள்ளினான். இன்றைக்குச் சாயங்காலம் என்ன குழம்பு என்று அவனுக்கே தெரியாது.

நல்லசிவம் கொட்டில் பக்கம் வந்து தனியாக நின்றார். மடி இன்னும் சூடாக இருந்தது. முறிந்த முனையை நினைத்தார். சாய்வாக ராவினால் புது முனை வந்துவிடும். இந்த முறை தடிமனாக விடலாம். அந்த மூன்றாவது படியையும் மேலே அரை அங்குலம் செதுக்கியிருந்தால் போதும், இடித்திருக்கவே வேண்டாம். அப்போதே அது ஏன் தோன்றவில்லை?

சட்டென்று தன்னைத் தானே பிடித்துக்கொண்டார். தலையைக் குனிந்தார்.

அம்மா மாட்டுக்குப் பலாத்தோலைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் குணாளன் டயர்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தான். சுகன்யா குழந்தையின் வாயைத் துடைத்தாள். கிளம்புகிற நேரம்.

"அம்மா," என்றார் நல்லசிவம். "ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க, ஐயா."

"நான் மாறிட்டேனா?"

"இல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்த அரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

அம்மா கையில் மீதியிருந்த தோலையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவங்க காருல பின்சீட்டு காலியா இருக்கு, ஐயா."